எடிஷன்: பதிப்பா, மீளச்சா, வெளியீடா?

"புது எடிஷன் வருகுதாம்" என்று வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ ஒரு பிள்ளை சொன்னால், மேசை விளையாட்டொன்று மாற்றிய விதிகளோடு திரும்ப வரப்போகிறது என்று பொருள். இதற்குத் தமிழில் பதிப்பு என்போம். சொல் சரிதான். ஆனால் தனியே நின்றால் போதாது.

எடிஷன் என்ற சொல்லின் வேர் இலத்தீன். வெளியே கொடுத்தல் என்பது அதன் பொருள். வேரை மட்டும் பார்த்தால் அதற்கு நேரான தமிழ் 'வெளியீடு'. பதிப்பு வந்த வழி வேறு. பதிதல் என்றால் அழுந்திப் படிதல்: சேற்று வயலில் கால் பதிகிறது, அரக்கில் முத்திரை பதிகிறது. அச்சு வந்தபின் எழுத்தைத் தாளில் பதிக்கும் வேலைக்கும் அந்தச் சொல்லே நின்றது. பிறகு பொருள் இன்னும் விரிந்தது. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார் என்னும்போது, அச்சடித்ததை மட்டுமா சொல்கிறோம்? ஏடு தேடியது, ஒப்பிட்டது, எது சரியான பாடம் என்று தீர்மானித்தது எல்லாம் அந்தச் சொல்லுக்குள் வந்துவிடுகிறது.

குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது. பாடசாலைப் பாடநூலின் உள்பக்கத்தில் முதலாம் பதிப்பு, இரண்டாம் பதிப்பு என்று ஆண்டு போட்டிருக்கும். பல நேரம் உள்ளே ஒன்றும் மாறியிராது, அப்படியே திரும்ப அச்சிட்டிருப்பார்கள். அக்காவின் புத்தகம் தம்பிக்கும் உதவும்.

விளையாட்டில் அந்த நிம்மதி இல்லை. விதிநூலை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதை வளர்க்கும், 1974இல் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டுக்கு 2000இல் மூன்றாம் பதிப்பு வந்தது. 2003இல் விதிகளைத் திருத்தி 'மூன்றரை' என்றார்கள். 2008இன் நான்காம் பதிப்பு ஆட்டத்தையே நிறைய மாற்றியது. பழைய விதிகளை விட மனமில்லாதவர்கள் பலர், அவற்றிலிருந்து வளர்ந்து 2009இல் வெளியான 'பாத்ஃபைண்டர்' என்ற வேறு விளையாட்டின் பக்கம் போனார்கள். ஐந்தாம் பதிப்பை வெளியிடுமுன், 2012இலிருந்தே பொதுமக்களிடம் விதிகளைக் கொடுத்து ஆடவைத்துக் கருத்துக் கேட்டார்கள். நூல்கள் 2014இல் வந்தன. 2024இல் விதிநூல்களைத் திருத்தி எழுதியபோது 'ஆறாம் பதிப்பு' என்று பெயர் வைக்கவில்லை. ஐந்தாம் பதிப்புக்கு வாங்கிய கதைநூல்களை இதோடும் ஆடலாம் என்றார்கள். பதிப்பு எண் அவ்வளவு பாரமான வாக்குறுதி.

நம்மூர்ச் சீட்டாட்டமான 304க்கு இந்தச் சிக்கல் கிடையாது. 32 சீட்டு, அவற்றின் புள்ளிகளைக் கூட்டினால் 304. துரும்பு எப்படி, கேள்வி (எத்தனை புள்ளி எடுப்போம் என்று சொல்வது) எங்கே தொடங்குவது என்பதெல்லாம் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், உட்கார்ந்தவர்கள் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். விதியைக் காசுக்கு விற்பவர் வந்தபின்தான் பதிப்பு என்ற கேள்வியே எழுகிறது.

ஆகவே என் பரிந்துரை இது. விதி மாறினால் மட்டும் 'புதிய பதிப்பு'. பிழை நீக்கி, மயக்கமான இடத்தைத் தெளிவாக்கினால் 'திருத்திய பதிப்பு'. அட்டைப்படம் மட்டும் மாறினால் அது 'மீளச்சு', அதைப் பதிப்பு என்று விற்பது வாங்குபவரை ஏமாற்றுவது. கடைக்கு வரும் நாள் 'வெளியீடு'. அதற்கு முன் ஆடிப் பார்ப்பதற்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். புதுத்தேரை முதலில் இழுத்துப் பார்ப்பதை வெள்ளோட்டம் என்கிறோமே, அதுவே அழகாகப் பொருந்தும்.

வவுனியாவில் ஒருவர் தமிழில் பலகை விளையாட்டு அச்சிட்டு, அது விற்று, இரண்டாம் பதிப்புக்கு வருகிறார் என்று வையுங்கள். முதலில் சனசமூக நிலையங்களில் வெள்ளோட்டம் விடட்டும், ஆடத் தெரியாதவர்களையும் கூப்பிட்டு. அப்புறம் வெளியீட்டு நாளை நேரத்தோடு சொல்லிவிடட்டும். நாளைக்குப் புதியது வரும் என்று தெரியாமல் இன்றைக்குப் பழையதை வாங்கிய பிள்ளையின் ஏமாற்றம் சின்னதல்ல. முதற்பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு மாறிய விதிகளை மட்டும் ஒரு தாளில் அச்சிட்டு இலவசமாகக் கொடுக்கலாம். பழைய பலகையும் காய்களும் இனியும் உதவுமா என்பதைப் பெட்டியின் வெளிப்பக்கத்திலேயே, பதிப்பு எண்ணுக்குக் கீழே, பெரிய எழுத்தில் போட வேண்டும்.