நிலக்காட்சி: லாண்ட்ஸ்கேப்புக்கு நம்மிடம் இருக்கும் சொல்

லாண்ட்ஸ்கேப் போட்டோ என்றால் திருகோணமலையில் கமரா தூக்குகிற எல்லோருக்கும் தெரியும். கோணேசர் மலை, நிலாவெளிக் கடற்கரை, தம்பலகாமத்து வயல், கந்தளாய்க் குளம் என்று ஆளை விட இடம் முக்கியமாக இருக்கிற படம். இதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று கேட்டால் பெரும்பாலும் 'இயற்கைக்காட்சி' என்று பதில் வரும். புவியியல் படித்தவர்கள் 'நிலத்தோற்றம்' என்பார்கள். நான் 'நிலக்காட்சி' என்றுதான் எழுதுகிறேன், கேட்கிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்த லென்ஸை எடுப்பது, எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பது வரைக்கும் இந்தச் சொல் கொண்டுபோய் விடுகிறது.

முதலில் லாண்ட்ஸ்கேப். இது ஆங்கிலத்தில் பிறந்த சொல் கிடையாது, ஒல்லாந்தரின், அதாவது டச்சுக்காரரின், 'லாண்ட்ஸ்காப்' என்ற சொல்தான் 16ஆம் நூற்றாண்டு முடிகிற காலத்தில் ஓவியர்கள் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. லாண்ட் என்றால் நிலம். ஸ்காப் என்பது ஒரு விகுதி, ஒரு நிலையை அல்லது தன்மையைக் குறிப்பது. ஆங்கிலத்தில் பிரெண்ட்ஷிப் என்கிறோமே, அதில் கடைசியில் வருகிற ஷிப் இதன் உறவுதான். ஒல்லாந்தில் அதற்கு ஒரு வட்டாரம், ஒரு நிலப்பகுதி என்றுதான் முதலில் பொருள் இருந்தது. ஆங்கிலத்தில் நுழைந்தபோது வரைந்த படத்துக்குப் பெயரானது, கண்ணெதிரே இருக்கிற இடத்தையே லாண்ட்ஸ்கேப் என்று சொல்லத் தொடங்கியது அதற்குப் பிறகு. இன்னும் பின்னால், 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், 'ஸ்கேப்' என்ற வாலை மட்டும் பிய்த்தெடுத்து சீஸ்கேப் என்று கடலுக்கு ஒரு சொல் செய்தார்கள், அப்புறம் நகரத்துக்கும் ஒன்று.

இந்த ஒல்லாந்தர் நமக்குப் புதியவர்கள் இல்லை. 1639இல் திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தவர்கள் அவர்கள்தான், கோட்டைக்கு அடுத்துள்ள கடற்கரையை இன்றும் டச் பே என்றுதான் சொல்கிறோம். அதே நூற்றாண்டில் ஒல்லாந்தில் ஜேக்கப் வான் ராய்ஸ்டால் போன்ற ஓவியர்கள் அடிவானத்தைப் படத்தின் கீழ்ப்பகுதிக்கு இறக்கிவிட்டு, மிச்சம் முழுவதையும் மேகத்துக்குக் கொடுத்து வரைந்தார்கள். அவர்களுடைய நாடு தட்டை, மலை கிடையாது, கண் போகிற இடமெல்லாம் வானம். நாம் இன்றைக்கு 'வானம் நன்றாக இருந்தால் அடிவானத்தைக் கீழே வை, தரை நன்றாக இருந்தால் மேலே வை' என்று புதிதாகப் பழகுகிறவர்களுக்குச் சொல்கிறோமே, அந்தப் பழக்கத்தை அந்தப் படங்களில் அப்படியே பார்க்கலாம். மாரி காலத்தில், கடலின் மேல் கருமேகம் அடுக்கடுக்காக ஏறி வரும்போது உப்புவெளியில் நின்று பார்த்தால் அது எவ்வளவு சரியென்று விளங்கும்.

ஒளிப்படத்துக்கும் நிலக்காட்சிக்கும் உள்ள உறவு கமரா பிறந்த காலத்திலேயே தொடங்குகிறது. இன்றைக்கு எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழைய கமராப் படம் என்று சொல்லப்படுவது பிரான்சில் நிசெபோர் நியெப்ஸ் 1826 அல்லது 1827இல் தன் வீட்டு ஜன்னலிலிருந்து எடுத்தது. கூரைகளும் சுவர்களும் தெரியும் ஒரு காட்சி. ஒளியைப் பதிய வைக்க மணிக்கணக்கில் ஆனது, அவ்வளவு நேரம் அசையாமல் இருக்க நிலத்தாலும் கட்டடத்தாலும்தான் முடியும்.

சரி, 'இயற்கைக்காட்சி' என்று சொன்னால் என்ன குறை? தம்பலகாமத்து வயல் மனிதன் வெட்டி, வரம்பு கட்டி, தண்ணீர் பாய்ச்சி உண்டாக்கியது. கந்தளாய்க் குளம் மன்னர் காலத்தில் கட்டியது. பிரட்ரிக் கோட்டை மதில், கடற்கரையில் ஏற்றிவைத்த வள்ளங்கள், காய்கிற வலை, மலையுச்சியில் கோணேசர் கோயில், இவற்றில் எதை இயற்கை என்பது? இயற்கைக்காட்சி என்று பெயர் வைத்துக்கொண்டு படம் எடுக்கப் போகிற பிள்ளைகள் வள்ளத்தை ஒதுக்கி, கம்பத்தை ஒதுக்கி, ஆளை ஒதுக்கி, கடைசியில் எந்த ஊர் என்றே தெரியாத நீலக் கடலும் வெள்ளை மணலும் உள்ள படத்தோடு வருவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது. நிலத்தோற்றம் என்ற சொல்லில் இந்தக் குறை இல்லை, ஆனால் அது மண்ணின் மேடு பள்ளத்தைப் பற்றிப் பேசுகிற பாடப்புத்தகச் சொல்லாகிவிட்டது, பார்க்கிறவருக்கு அதில் இடமில்லை.

நிலக்காட்சியில் இரண்டு பாதியும் வேலை செய்கின்றன. 'நிலம்' தமிழில் வெறும் தரை இல்லை. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நிலத்தைப் பிரித்தவர்கள் கடலையும் கடல் சார்ந்த இடத்தையும் நெய்தல் நிலம் என்றே சொன்னார்கள். அதனால் சீஸ்கேப்புக்குத் தனியாக ஒரு சொல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை, நெய்தல் படமும் நிலக்காட்சிதான். 'காட்சி' காண் என்ற வினையிலிருந்து வந்தது, காணப்படுகிற பொருளையும் குறிக்கும், காணுகிற செயலையும் குறிக்கும். ஒல்லாந்தச் சொல்லில் பார்வை என்ற பொருளே கிடையாது, நமது சொல்லில் அது உள்ளேயே இருக்கிறது. படம் எடுக்கிறவருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. தொல்காப்பியம் முதற்பொருள் என்று சொல்வது நிலத்தை மட்டுமில்லை, நிலமும் பொழுதும் சேர்ந்ததுதான் முதற்பொருள். இடத்தைச் சொன்னால் நேரத்தையும் சொல்ல வேண்டும். நிலக்காட்சி எடுக்கிற எவரும் அனுபவத்தில் கற்றுக்கொள்வது இதைத்தான்: மதியம் 12 மணிக்கு மார்பிள் பீச்சும் விடிய 6 மணிக்கு மார்பிள் பீச்சும் வேறு வேறு இடங்கள். நெய்தலுக்கு உரிய சிறுபொழுது, அதாவது நாளின் கூறு, எற்பாடு. எல் என்றால் சூரியன், பாடு என்றால் படுதல். சூரியன் சாய்கிற நேரம் என்று பெரும்பாலோர் பொருள் சொல்வார்கள், எழுகிற நேரம் என்று கொள்வாரும் உண்டு. திருகோணமலைக்காரர் இதில் ஒரு பக்கம் சேர வேண்டிய அவசியமில்லை. வெளிக்கடல் கிழக்கே இருப்பதால் டச் பேயில் சூரியன் தண்ணீரிலிருந்து எழும், உட்துறைமுகத்துக்குப் போனால் அதே நாள் மாலையில் தண்ணீருக்கு அப்பால் மலைத்தொடருக்குப் பின்னே இறங்கும். ஒரே ஊரில் கடல்நீரின் மேல் காலையும் மாலையும் கிடைப்பது லேசான விஷயமில்லை.

சூரியன் தாழ்ந்து பொன்னிறமாக ஒளிரும் நேரத்தைக் கோல்டன் அவர் என்றும், சூரியன் இல்லாமல் வானம் நீலமாக இருக்கும் நேரத்தைப் புளூ அவர் என்றும் யூடியூபில் சொல்வதைச் சிலர் 'பொன்மணி', 'நீலமணி' என்று எழுதுகிறார்கள், படித்தால் ஆளின் பெயர் போல இருக்கிறது. நமது பெரியவர்கள் செக்கல் என்று சொல்வது வானம் சிவந்திருக்கிற பொழுதை, மைம்மல் என்று சொல்வது அதற்குப் பின் இருள் கவிகிற பொழுதை. வேறென்ன வேண்டும்? விடியலுக்கு முந்திய நேரத்துக்கு வைகறை இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும், இந்தச் சொற்களில் 'மணி' இல்லாததும் நல்லதுதான், ஏனென்றால் நம் ஊர் நிலநடுக்கோட்டிலிருந்து எட்டரைப் பாகைதான் வடக்கே, சூரியன் சரிவாக இறங்காமல் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக இறங்கும், மறைந்து இருபது நிமிடம் சொச்சத்தில் மைம்மலும் போய்விடும். ஐரோப்பியர் எழுதிய வழிகாட்டியைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் இருக்கிறது என்று நம்பி வந்தால் கமராவைப் பூட்டுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். சூரியன் எழுகிற இடமும் ஆண்டு முழுவதும் ஒன்றில்லை, ஜூனில் வடக்கே தள்ளி, டிசம்பரில் தெற்கே தள்ளி, இரண்டுக்கும் நடுவே 45 பாகைக்கு மேல் வித்தியாசம் வரும். டச் பேயிலிருந்து கோணேசர் மலையையும் உதயத்தையும் நெருக்கி வைக்க விரும்பினால் ஜூனை ஒட்டிய மாதங்களில் போங்கள்.

கருவிகளுக்கு வருவோம். ட்ரைபொட் கிரேக்கத்தில் 'மூன்று பாதம்', முக்காலியும் அப்படியேதான் அமைந்த சொல், அதனால் முக்காலி என்றே தயங்காமல் எழுதலாம். டச் பே மணலில் அதை வைக்கும் விதம் பார்த்தால் ஆளின் பழக்கம் தெரியும். அலை வந்து திரும்பும்போது கால்களைச் சுற்றியுள்ள மணலை அரித்துக்கொண்டு போகும், ஒரு கால் அரை விரல் அளவு இறங்கினாலே அடிவானம் சாய்ந்துவிடும். கடலில் ஒரு பாகை சாய்வுகூடப் பளிச்சென்று தெரியும். ஆகவே மூன்று கால்களையும் முதலிலேயே அழுத்தி, ஈர மணலுக்குள் கெட்டியாக இறக்கி, ஓர் அலை வந்து போன பின் மட்டம் பார்த்து, அப்புறம்தான் படம். நடுத்தண்டை உயர்த்த வேண்டாம், காற்றுக்கு ஆடும். வீட்டுக்கு வந்ததும் கால்களை நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்காவிட்டால் உப்பும் மணலும் பூட்டுகளைத் தின்றுவிடும்.

என்.டி. பில்டர் என்பது நிறத்தை மாற்றாமல் ஒளியை மட்டும் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி. ஒரு ஸ்டொப் என்றால் ஒளி பாதியாகும்; பத்து ஸ்டொப் உள்ளது ஒளியை ஆயிரத்தில் ஒரு பங்காக்கும், 1/30 செக்கனில் எடுக்க வேண்டிய படம் 30 செக்கனுக்கு மேல் போகும். தமிழில் 'மங்கல் கண்ணாடி' என்று எழுதினால் விளங்கும், பில்டர் என்றே விட்டாலும் பிழையில்லை; 'வடிகட்டி' மட்டும் வேண்டாம், அது தேயிலைக்குரியது. 30 செக்கனில் அலை முழுவதும் பனிப்புகை மாதிரி ஆகிவிடும். எனக்கு அதைவிட அரைச் செக்கன்தான் பிடிக்கும்: திரும்பி ஓடுகிற தண்ணீர் மணலில் நூல் நூலாக இழுபடும், அலை எந்தப் பக்கம் போனது என்பது படத்தில் நிற்கும். அதற்கு மாரி காலக் கடல் வேண்டும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போவதால் கரையோரம் அமைதியாகக் கிடக்கும், அப்போது மங்கல் கண்ணாடியால் பெரிய பயனில்லை, பொலரைசர் என்ற, சுழற்றிப் பயன்படுத்தும் பில்டரை எடுங்கள். அது தண்ணீரின் மேல்மினுக்கத்தை வெட்டும், நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாமலைத் தீவுப் பக்கம் ஆழமில்லாத இடத்தில் அடியிலுள்ள பாறையும் முருகைக்கல்லும் தெரியும். சூரியனுக்குச் செங்கோணத்தில் நின்று திருப்பினால்தான் முழுப் பலன், மிக அகலமான லென்ஸில் வானம் ஒரு பக்கம் கறுத்து ஒரு பக்கம் வெளுத்துப் போகும், கவனம்.

அப்பச்சர், அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளை, பற்றி ஒரு வார்த்தை. எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும். நிலக்காட்சி என்றாலே துளையை முடிந்தவரை சிறிதாக்க வேண்டும் என்ற எண்ணம் அமெரிக்காவில் அன்சல் அடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலியோர் 1932இல் 'எஃப் 64' என்ற பெயரில் குழு அமைத்த காலத்தை நினைவூட்டுகிறது. அவர்கள் வைத்திருந்தவை பெரிய தகட்டுக் கமராக்கள். இன்றைய சிறிய சென்சரில் எஃப் 16ஐத் தாண்டினால் ஒளி துளையின் விளிம்பில் சிதறிப் படம் மென்மையாகிவிடும். எஃப் 8, எஃப் 11 போதும், குவியத்தை முன்னால் உள்ள பாறைக்குச் சற்று அப்பால் வையுங்கள்.

கோட்டைக்குள் இராணுவமும் துறைமுகத்தில் கடற்படையும் இருப்பதால் முகாம் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம், ட்ரோன் என்றால் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும்.

கடைசியாக ஒரு குழப்பம். பிரிண்ட் எடுக்கும்போதும் போனைத் திருப்பும்போதும் 'லாண்ட்ஸ்கேப்பில் வை' என்கிறோம், அங்கே அதற்குப் படுக்கை வசம் என்று மட்டும்தான் பொருள். தமிழில் இதற்கு நிலக்காட்சியை இழுக்க வேண்டாம், 'கிடையாக' என்றால் முடிந்தது, மற்றதற்கு 'நெடுக்காக'. இப்படிப் பிரித்துச் சொன்னால் ஒரு கதவும் திறக்கிறது, ஏனென்றால் நிலக்காட்சி கிடையாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கோணேசர் மலையில் இராவணன் வெட்டு என்ற பிளவுப் பக்கம் பாறை கடலுக்குள் ஏறத்தாழ 100 மீட்டர் செங்குத்தாக இறங்குகிறது, அதைக் கிடையாகப் பிடித்தால் உயரம் செத்துவிடும். கமராவை நெடுக்காகத் திருப்பி, மேலே ஒரு துண்டு வானம், கீழே நுரை, நடுவில் பாறை முழுவதும் என்று வையுங்கள். காலை வெயில் அந்தப் பாறையில் நேரே விழும்.