பழைய புடவை கயிறானதும் ஏன் பிரிவதில்லை?

பழைய பருத்திப் புடவையை இரண்டு விரல் அகல நாடாக்களாகக் கிழித்து, இரண்டை முறுக்கிச் சேர்த்தால் நல்ல கயிறு கிடைக்கிறது. பசை இல்லை, தையல் இல்லை, கையை எடுத்த பிறகும் பிரிவதில்லை. இதன் காரணம் புரிந்துவிட்டால் கால்மிதி, கூடை, பூந்தொட்டிக்கு உறி என்று எதைச் செய்தாலும் கை சரியாக வரும்.

முதலில் ஒரே ஒரு நாடாவை முறுக்கி விட்டுப் பாருங்கள். சட்டென்று சுழன்று பழைய நிலைக்கே போய்விடும். முறுக்கும்போது நாம் செலவிட்ட ஆற்றல் மீள்விசையாக அதற்குள் தங்கியிருக்கிறது. கயிறு திரிப்பதன் சூட்சுமம் அந்த விசையை வேலை வாங்குவதுதான். இரண்டு நாடாக்களையும் தனித்தனியே வலப்பக்கமாக முறுக்க வேண்டும். அப்புறம் இரண்டையும் சேர்த்து இடப்பக்கமாகச் சுற்ற வேண்டும். இப்போது ஒவ்வொரு பிரியும், அதாவது முறுக்கிய ஒவ்வொரு நாடாவும், தன் முறுக்கை அவிழ்த்துக்கொள்ள இடப்பக்கம் திரும்பப் பார்க்கும். ஆனால் அப்படித் திரும்பினால் கயிறு இன்னும் இறுகும். கயிறு அவிழ வேண்டுமென்றால் வலப்பக்கம் சுழல வேண்டும், அதுவோ பிரிகளின் முறுக்கைக் கூட்டும். இரண்டு எதிர் விசைகளும் ஓரிடத்தில் சமமாகி நின்றுவிடுகின்றன. இரண்டு முறுக்கையும் ஒரே திசையில் கொடுத்தால் இந்தச் சமநிலை வராது, விட்டதும் பிரிந்துவிடும்.

இந்த நுட்பம் மிகப் பழையது. பிரான்சில் அப்ரி டு மாரா என்ற பாறை ஒதுக்கில், நமக்கு நெருங்கிய, இப்போது அழிந்துபோன மனித இனமான நியாண்டர்தால் மனிதர்கள் விட்டுச்சென்ற ஒரு கயிற்றுத் துண்டைப் பற்றி 2020-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். நீளம் சுமார் 6 மில்லிமீட்டர்தான், வயது 40,000 ஆண்டுகளுக்கும் மேல். மரப்பட்டை நாரை ஒரு திசையில் முறுக்கி, அப்படிப்பட்ட மூன்று பிரிகளை எதிர்த்திசையில் சேர்த்திருக்கிறார்கள். நாம் புடவையில் செய்வதும் அதுவேதான்!

சரி, பிரியாமல் நிற்பது புரிகிறது. இழுத்தால் ஏன் தாங்குகிறது? பருத்தி இழை ஒன்றின் நீளம் பொதுவாக 3 சென்டிமீட்டர் அளவுதான். அவ்வளவு குட்டையான இழைகள் மீட்டர் கணக்கான நூலாக நிற்பது உராய்வால். முறுக்கிய நூலை இழுக்கும்போது இழைகள் உட்பக்கமாக ஒன்றையொன்று நெரிக்கின்றன; நெரிசல் கூடக்கூட உராய்வும் கூடுகிறது. கயிறு இழுக்கப்படும்போது இழைகள் நழுவுவதில்லை, அறுகின்றன என்பதை 1638-ல் வெளியான நூலிலேயே கலிலியோ விளக்கியிருக்கிறார். அதற்காக அளவுக்கு மீறி முறுக்கக் கூடாது. இழைகள் மிகவும் சாய்ந்துவிட்டால் இழுவிசையை நேராகத் தாங்க முடியாமல் பலம் குறையும்.

துணியைப் பார்த்து வெட்டுவது முக்கியம். தறியில் நெய்த புடவை, வேட்டியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல்கள் பொதுவாகக் குறுக்கே ஓடும் ஊடு நூல்களைவிட உறுதியானவை. அதனால் நீளவாக்கிலேயே கிழிக்கலாம். குறுக்குச் சாய்வாக வெட்டினால் நூல்கள் எல்லாம் துண்டுபட்டு, நாடா இழுபடும். பனியன் துணி வேறு ரகம். அதில் நூல் வளைய வளையமாகக் கோத்திருக்கிறது. பழைய டீ-சர்ட்டை உடம்பைச் சுற்றி அகலவாக்கில் வெட்டி இழுத்தால் ஓரங்கள் தாமாகவே சுருண்டு குழல் போல ஆகும், நூல் பிசிறும் வராது. கூடை பின்ன எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் பாரம் வைத்தால் நீளும், தொங்கவிடும் உறிக்குப் புடவைக் கயிறே மேல்.

நாடா தீரும்போது புதிய துண்டைப் பழைய நுனியோடு ஒரு சாண் அளவுக்கு மேலே படிய வைத்து, சேர்த்தே முறுக்குங்கள். அந்த ஒரு சாணில் உள்ள உராய்வுதான் இணைப்பைத் தாங்குகிறது. இரண்டு பிரிகளின் இணைப்பும் ஒரே இடத்தில் வந்தால் கயிறு அங்கேதான் விட்டுப்போகும். எனவே தொடங்கும்போதே ஒரு நாடாவை நீளமாகவும் மற்றதைக் குட்டையாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நனைந்த பருத்தி இழை பருக்கிறது, கயிறு இறுகிச் சற்றே குட்டையாகிறது. துணி காயப்போடக் கொடி கட்டினால் கொஞ்சம் தளர்வாகவே விடுங்கள். ஊஞ்சலுக்கும் குழந்தையின் தூளிக்கும் மட்டும் இந்தக் கயிறு வேண்டவே வேண்டாம். நைந்த துணி எந்த இடத்தில் பலமிழந்திருக்கிறது என்பது பார்வைக்குத் தெரியாது.