சைபார்க்னா என்ன? தமிழ்ல அதுக்கு என்ன சொல்லலாம்?

சயின்ஸ் ஃபிக்‌ஷன் படம் நிறைய பாக்குறவங்ககிட்ட சைபார்க்னா என்னன்னு கேட்டுப் பாருங்க, ஒருத்தர் ரோபோம்பார், இன்னொருத்தர் பாதி மனுஷன் பாதி மெஷின்ம்பார். ரெண்டாவது பதில் பரவால்ல, ஆனா அதுலயும் முக்கியமான ஒண்ணு விட்டுப்போகுது. நம்ம ஆளுங்க பெரும்பாலும் ரோபோ, ஆண்ட்ராய்டு (மனுஷ உருவத்துல இருக்க ரோபோ), சைபார்க் எல்லாத்தையும் ‘இயந்திர மனிதன்’ங்கற ஒரே மூட்டைல கட்டிடுறோம், குழப்பம் அங்கதான் ஆரம்பிக்குது.

இந்தச் சொல்ல உருவாக்கினது மான்ஃப்ரெட் கிளைன்ஸ், நேதன் கிளைன்னு ரெண்டு பேர். முதல் ஆள் விஞ்ஞானி, கூடவே நல்ல பியானோ கலைஞர், ரெண்டாவது ஆள் மனநல டாக்டர். 1960 செப்டம்பர்ல, அதாவது ககாரின் விண்வெளிக்குப் போறதுக்கு ஏழு மாசம் முன்னாடி, ஆஸ்ட்ரோநாட்டிக்ஸ்ங்கற பத்திரிகைல ஒரு கட்டுரை எழுதுறாங்க. விண்வெளிக்குப் போறப்போ பூமியோட காத்தையும் அழுத்தத்தையும் கூடவே தூக்கிட்டுப் போறதுக்குப் பதிலா, அந்த இடத்துல தாக்குப்பிடிக்கிற மாதிரி மனுஷ உடம்பையே கொஞ்சம் மாத்திட்டா என்னன்னு கேட்டாங்க. அதுக்கு உடம்போட ஒரு கருவி சேரணும், அது உடம்புக்குள்ள நடக்கறத தானாவே சீரா வச்சுக்கணும், அந்த ஆளுக்கு அதப் பத்தின நினைப்பே இருக்கக் கூடாது. சைபார்க்குக்கு உயிரே இந்த ‘நினைப்பே இல்லாம’ங்கறதுதான். கட்டுரைல ஒரு எலியோட படமும் இருக்கு, தோலுக்கு அடில குட்டி பம்ப் ஒண்ணு வச்சிருப்பாங்க, அது மெதுவா மருந்த உடம்புக்குள்ள விட்டுக்கிட்டே இருக்கும். துப்பாக்கி இல்ல, சிவப்புக் கண்ணு இல்ல, ஒரு வெள்ளெலி!

சொல்லு ஒட்டுச் சொல்லு. சைபர்நெட்டிக், ஆர்கனிசம் ரெண்டையும் முன்னாடி கொஞ்சம் கொஞ்சம் வெட்டி ஒட்டிட்டாங்க. ஆர்கனிசம்னா உயிரி. சைபர்நெட்டிக்ஸ்ங்கறது 1948ல நார்பர்ட் வீனர் தன்னோட துறைக்கு வச்ச பேர், கிரேக்கத்துல கப்பல் ஓட்டுற மீகாமன குறிக்கிற சொல்லுலேர்ந்து வந்தது. காத்து எந்தப் பக்கம் தள்ளுதுன்னு பாத்து பாத்து சுக்கான திருப்புறவன் இல்லையா, அதே மாதிரி விளைவப் பாத்து தன்னையே திருத்திக்கிற அமைப்புகளப் பத்தின படிப்பு. இதே கிரேக்கச் சொல்லுதான் லத்தீன் வழியா போயி ஆங்கிலத்துல அரசாங்கத்துக்கான சொல்லா ஆச்சு, இன்னைக்கு குபெர்னட்டிஸ்னு ஒரு சாஃப்ட்வேரா சர்வர் ஓட்டிட்டும் இருக்கு. ஆனா சைபர்னு சொன்னா இப்ப யாருக்கும் கப்பல் ஞாபகம் வராது, இன்டர்நெட்டுதான் வரும்.

இந்த அளவுகோல வச்சுப் படங்களப் பாத்தா வேடிக்கையா இருக்கும். 1984ல வந்த டெர்மினேட்டர்ல, வந்திருக்கறது ரோபோ இல்ல சைபார்க்னு வசனமே இருக்கு. எனக்கு அதுல உடன்பாடு இல்லைங்க, மேல போத்தியிருக்க சதை உயிருள்ளதுதான், ஒத்துக்கறேன், ஆனா அது வெறும் வேஷம், கடைசில சதையெல்லாம் எரிஞ்சு போன பிறகும் இரும்பு எலும்புக்கூடு பாட்டுக்கு எழுந்து நடந்து வருது, அப்போ அது சதை போட்டுக்கிட்ட மெஷின் தானே? பேர்லயே ரோபோன்னு வச்சிருக்க 1987 ரோபோகாப்தான் அசல் சைபார்க், உள்ள ஒரு மனுஷனோட மூளை இருக்கு, அத உயிரோட வச்சிருக்கறது மெஷின். இதுக்கெல்லாம் முன்னாடியே 1977ல ஸ்டார் வார்ஸ் படத்துல வந்த டார்த் வேடர் இன்னும் கச்சிதம், அந்த மூச்சுச் சத்தம் இருக்கே, உடம்பு செய்ய வேண்டிய வேலைய கவசம் செய்யுதுங்கறதுக்கு அதவிட நல்ல விளக்கம் கிடையாது. நம்ம சிட்டி முழுக்க மெஷின், எந்திரன்னு பேர் வச்சது ரொம்ப சரி.

நிஜ சைபார்க் எல்லாம் சினிமா பாக்குறவனுக்கு போர் அடிக்கும். 1958ல ஸ்வீடன்ல ஆர்னே லார்சன்ங்கறவருக்குத்தான் முதன்முதலா உடம்புக்குள்ளயே பேஸ்மேக்கர் வச்சாங்க. அந்த முதல் கருவி சில மணி நேரத்துல நின்னு போச்சு, ஆனா மாத்தி மாத்தி வச்சுக்கிட்டு அவர் 2001 வரைக்கும் இருந்தார். இன்னைக்கு சர்க்கரை அளவ தானே பாத்து இன்சுலின் விடுற பம்ப் வந்திருக்கு, கிட்டத்தட்ட அந்த எலியேதான். 2024 ஜனவரில நியூராலிங்க்ங்கற கம்பெனி ஒரு மனுஷ மூளைல சிப் வச்சதுக்கு அவ்ளோ சத்தம், கர்சர நினைச்சே நகர்த்துறது பெரிய விஷயம்தான், இல்லைங்கல. ஆனா 1960 கணக்குப்படி பாத்தா அத விட இன்சுலின் பம்ப்தான் அசல் சைபார்க் வேலை, ஏன்னா கர்சர நகர்த்த நினைக்கணும், பம்ப பெரும்பாலான நேரம் நினைக்கவே வேணாம். கையிலயே மொபைல் வச்சிருக்கோம், நாமளும் சைபார்க்தான்னு சொல்றவங்களுக்கும் இதே பதில்தான்.

சரி தமிழுக்கு வருவோம். ‘இயந்திர மனிதன்’ ரோபோவுக்குப் போகட்டும், நான் சொல்றது பொறியுயிரி. உயிரின்னு வேணும்னேதான் வைக்கிறேன், முதல் உதாரணமே எலியா இருக்கறப்போ மனிதன்னு வச்சா அது வெளிய போயிடும். பொறிங்கற சொல்லு இங்க ரெட்டை வேலை செய்யுது. மெஷினுக்கும் பொறி, சீவக சிந்தாமணில விசயை ஏறித் தப்பிச்சுப் போறது மயிற்பொறி. கண்ணு காது மூக்குக்கும் பொறி, ஐம்பொறின்னு சொல்றோமே. காது கேக்காதவங்களுக்கு உள்ள வைக்கிற காக்ளியர் இம்ப்ளான்ட்ட நினைச்சுப் பாருங்க, அது ரெண்டு அர்த்தத்துலயும் பொறிதான், இப்படி ஒரு வசதி ஆங்கிலச் சொல்லுல கிடையாது. ஒரே சிக்கல், அந்த எலிய மட்டும் எலிப்பொறின்னு சொல்லிடாதீங்க, பாவம் அது பயந்துடும்.

மனுஷன மட்டும் குறிக்கணும்னா பொறிமாந்தன்னு வச்சுக்கலாம். ரோபோகாப்ப பொறிக்காவலன்னு சொன்னா அர்த்தமும் கச்சிதமா உக்காருது. டெர்மினேட்டர இதுல சேக்க மாட்டேன், சண்டைக்கு வர்றவங்க தாராளமா வாங்க.