போட்டோ போதாதும்மா, ஒரு நோட்டு போடுங்கள்

குன்னூரில் உல்லன் நூல் விற்கிறேன், பின்னல் வகுப்பும் எடுக்கிறேன். குளிர் ஆரம்பித்தாலே பாதியில் நின்றுபோன ஸ்வெட்டர்கள் பையோடு கடைக்கு வர ஆரம்பித்துவிடும். போன வாரமும் ஒன்று வந்தது. முதுகுப் பக்கம் முடிந்திருக்கிறது, முன்பக்கம் ஆர்ம்ஹோல், அதாவது கை சேரும் வளைவு, வரைக்கும் வந்து நிற்கிறது. எந்த நம்பர் ஊசி என்று கேட்டேன், தெரியவில்லை. முதுகுப் பக்கம் ஆர்ம்ஹோலுக்கு எத்தனை கண்ணி (ஊசியில் ஏறும் நூல் வளையம்) குறைத்தீர்கள், எத்தனை வரிசைக்கு ஒரு தடவை குறைத்தீர்கள்? அதுவும் தெரியவில்லை. "போட்டோ எல்லாம் இருக்குக்கா" என்று போனை நீட்டினார்.

இந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. போட்டோவில் டிசைன் தெரியும், நிறம் ஓரளவு தெரியும், அவ்வளவுதான். ஊசியின் பருமன் தெரியுமா? பார்டரை 12ஆம் நம்பரில் போட்டுவிட்டு உடம்புக்கு 10ஆம் நம்பருக்கு மாறினீர்களா, இல்லை சோம்பலில் எல்லாவற்றையும் 10லேயே ஓட்டினீர்களா என்று தெரியுமா? பேட்டர்னில், அதாவது பின்னல் குறிப்பில், 110 கண்ணி போடச் சொல்லியிருக்க, பிள்ளை கொஞ்சம் குண்டு என்று நீங்களாக 118 போட்டீர்களே, அந்த எட்டு கண்ணி எந்தப் போட்டோவில் இருக்கிறது? முடிந்த துணியில் கண்ணியை எண்ணிவிடலாம்தான், எனக்கு அதுதான் வேலையே. ஆனால் அடர் நீலத்திலும் கறுப்பிலும் ராத்திரி விளக்கில் எண்ணிப் பாருங்கள், அப்புறம் பேசலாம். போட்டோ வேண்டாம் என்று சொல்லவில்லை. அது முடிந்த பொருளைக் காட்டும், நீங்கள் செய்ததைச் சொல்லாது. அதற்குத்தான் ஒரு நோட்டு, பின்னும்போதே எழுதி வையுங்கள்.

பேட்டர்ன் அச்சில் இருக்கிறதே, தனியாக எதற்கு எழுத வேண்டும் என்பது அடுத்த கேள்வி. பேட்டர்ன் எழுதியவர் கை வேறு, உங்கள் கை வேறு. 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி வந்தால் 200 கண்ணி சுமார் 91 சென்டிமீட்டர். கை கொஞ்சம் தளர்ந்து 20 கண்ணியே வந்தால் அதே 200 கண்ணி சரியாக ஒரு மீட்டர். ஒரே ஆள் இரண்டு மாதம் கழித்துப் போடும் ஸ்வெட்டரின் இரண்டாவது கை, முதல் கையை விட நீளமாகப் போவதும் இதனால்தான். முதலில் சின்னதாக ஒரு சாம்பிள் பின்னி, அலசிக் காயவைத்து, அளந்து, அந்தக் கணக்கை எழுதுங்கள். அலசாமல் அளப்பது அளக்காததற்குச் சமம்.

ஊசியை நம்பரோடு மில்லிமீட்டரிலும் எழுதுங்கள். நம் கடைகளில் கிடைப்பது பழைய பிரிட்டிஷ் நம்பர், எண் கூடக்கூட ஊசி மெலியும். அமெரிக்கக் கணக்கில் எண் கூடினால் ஊசி தடிக்கும். நம் 8 என்பது 4 மி.மீ., அவர்கள் 8 என்பது 5 மி.மீ. யூடியூபில் அமெரிக்க அம்மா எட்டு என்றதும் இங்கே எட்டாம் நம்பர் வாங்கிப் பின்னிவிட்டு, ஸ்வெட்டர் சின்னதாகிவிட்டது, நூல் சரியில்லை என்று என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள்.

நூல் பந்தின் லேபிளைத் தயவுசெய்து தூக்கி எறியாதீர்கள். நோட்டில் ஒட்டுங்கள், பக்கத்திலேயே ஒரு சாண் நூலையும் முடிந்து வையுங்கள். லேபிளில் சாய லாட் நம்பர், அதாவது எந்தத் தடவை சாயம் தோய்த்த நூல் என்பதன் எண், இருக்கும். நிறத்தின் எண் ஒன்றாகவே இருந்தாலும் லாட் மாறினால் முன்பக்கத்துக்கும் கைக்கும் சாயல் மாறும், கடை வெளிச்சத்தில் தெரியாது, வெயிலில் காட்டிக்கொடுத்துவிடும். அதே லேபிளில்தான் அக்ரிலிக்கா கம்பளியா என்பதும் இருக்கும். 'உல்லன்' என்று நாம் வாங்குவதில் பாதிக்கு மேல் அக்ரிலிக்தான், வியாபாரி நானே சொல்கிறேன். லேபிள் இல்லாமல் வந்தால் நூல் நுனியைக் கொளுத்தித்தான் பார்க்கிறேன்: கம்பளி என்றால் முடி பொசுங்கிய நாற்றம், அக்ரிலிக் என்றால் உருகிக் கட்டியாகிவிடும். தெரியாமல் அக்ரிலிக் மேல் சூடாக இஸ்திரி வைத்தால் துவண்டு போனது போனதுதான், திரும்பாது.

பெரிய டைரி வேண்டாம், ஸ்கூல் கோடு போட்ட நோட்டு போதும். பென்சில் அல்லது பால்பாயின்ட். ஜெல் பேனா வேண்டாம், இந்த ஊர் ஈரத்துக்கு ஊறிவிடும். யாருக்கு, மார்பு அளவு, எத்தனை கிராம் நூல் பிடித்தது, எங்கே பேட்டர்னை மீறினீர்கள், அது போதும். பின்னி முடித்த வரிசைக்கு ஒரு கோடு, ஐந்தாவதைக் குறுக்கே. எழுந்து போவதற்கு முன்னால் எழுதுங்கள், அடுப்பில் பால் பொங்கினாலும் கோட்டைப் போட்டுவிட்டுப் போங்கள்.

இன்னொன்று. வேறு வேலைக்கு ஊசி வேண்டும் என்று பாதி ஸ்வெட்டரிலிருந்து உருவிக்கொண்டு போகிறீர்களே, போங்கள். ஆனால் கண்ணிகளை ஒரு வேற்று நிற நூலில் கோத்து, அந்த நூல் முனையிலேயே ஊசி நம்பர் எழுதிய துண்டுச் சீட்டைக் கட்டிவிட்டு உருவுங்கள்.