அம்மாவுக்கு கேன்சர், மகளுக்கு கோவம்: ஒரு வான்கோழி படமும் நம்ம ஊரு வீடுகளும்

கேன்சர்னு ரிப்போர்ட் வந்துட்டா வீட்டுல இருக்குற எல்லா சண்டையும் தன்னால ஓஞ்சிரும்னு நம்மள்ல நெறய பேருக்கு ஒரு நம்பிக்கை இருக்கு. சினிமாவும் சீரியலும் அப்படித்தான் பழக்கி வச்சிருக்கு, பெட்ல அம்மா படுத்திருப்பாங்க, பத்து வருஷமா பேசாத மக கதவத் தொறந்து ஓடி வந்து கால்ல விழுவா, பின்னாடி வயலின், முடிஞ்சது சோலி. நான் பாளையங்கோட்டைல கேன்சர் நோயாளிங்க குடும்பத்துக்கு கவுன்சலிங் பண்ற வேலைல இருக்கேன், அந்த வயலின் இன்னும் என் காதுல விழல. விழுறதெல்லாம் வேற. "அவள வரச்சொல்லாதிய, நான் செத்த பெறவு வந்தா போதும், அதுக்கும் லேட்டாத்தான் வருவா அந்த சவம்"னு கைல டிரிப்ஸ் ஏறிட்டு இருக்கும்போதே ஒரு அம்மா சொல்லுவாங்க, பக்கத்து பெட் அம்மா சிரிப்ப அடக்க முடியாம அந்தப் பக்கம் திரும்பிக்கிடுவாங்க. (இதுல வர்ற ஆட்கள் யாரும் ஒரே ஆள் இல்ல, பல வீட்டுக் கதைய கலந்து மாத்தித்தான் எழுதுதேன், நம்ம தெரு ஆளான்னு தேடாதீங்க.)

அதனாலதான் 2003ல வந்த 'பீசஸ் ஆஃப் ஏப்ரல்'னு ஒரு அமெரிக்கப் படத்த பத்தி எழுதலாம்னு தோணுச்சு. பீட்டர் ஹெட்ஜஸ் எழுதி அவரே டைரக்ட் பண்ண முதல் படம், 16 நாள்ல, சுமார் 3 லட்சம் டாலர்ல, டிஜிட்டல் வீடியோ கேமராலயே எடுத்தது, ஹாலிவுட் கணக்குல அதெல்லாம் காசே இல்ல. அவரோட அம்மாவும் கேன்சர்ல இறந்தவங்கதான், அது படத்துல நல்லாவே தெரியுது, நோயாளி வீட்டுக்குள்ள இருந்து பாத்தவங்களுக்குத்தான் இவ்வளவு குசும்பு வரும்.

கதை சின்னது. ஏப்ரல்னு ஒரு பொண்ணு, வீட்டுக்கு மூத்தவ, உருப்படாதவன்னு முத்திரை குத்தியாச்சு, நியூயார்க்ல ஒரு பழைய அபார்ட்மெண்ட்ல காதலனோட இருக்கா. அம்மா ஜாய்க்கு மார்பகப் புற்றுநோய், இனி ரொம்ப நாள் இல்லன்னு எல்லாருக்கும் தெரியும். தேங்க்ஸ்கிவிங் அன்னைக்கு, அதாவது நவம்பர் நாலாவது வியாழக்கிழமை, அங்க குடும்பமெல்லாம் ஒண்ணு கூடி வான்கோழி திங்குற நாள், அன்னைக்கு அம்மா அப்பா தம்பி தங்கச்சி ஆச்சி எல்லாரையும் சாப்பிடக் கூப்புடுதா. சமைக்கத் தெரியாது. காலைல எந்திச்சு வான்கோழிய உள்ள வைக்கப் போனா ஓவன் வேலை செய்யல. பச்சக் கறிய தூக்கிக்கிட்டு மாடி மாடியா ஏறி முன்னப்பின்ன தெரியாதவங்க கதவ எல்லாம் தட்டுதா. இன்னொரு பக்கம் கார்ல குடும்பம் வந்துட்டு இருக்கு, அவ சமையல் எப்படியும் வாய்ல வைக்க வெளங்காதுன்னு வழிலயே டோனட் வாங்கித் திங்குறாவ, தட்டுல இருக்குறத அவளுக்குத் தெரியாம எப்படி ஒளிச்சு வைக்கணும்னு அந்த அம்மா கிளாஸ் எடுக்குது. நடுவுல ரோட்டுல ஒரு பிராணி மேல கார ஏத்திட்டு, குடும்பமே இறங்கி அதுக்கு அடக்கம் பண்ணுது. சாகப்போற அம்மா அந்தக் குழிப் பக்கத்துல நிக்கிது. சிரிக்கவா அழவான்னு தெரியாது.

ஜாயா நடிச்ச பேட்ரிசியா கிளார்க்சனுக்கு ஆஸ்கர் நாமினேஷன் கெடச்சது, கெடச்சே ஆகணும். ஏன்னா நோய் வந்த அம்மான்னா சாந்தமா ஒரு சிரிப்போட எல்லாத்தையும் மன்னிச்சிருப்பாங்கன்னு நாம எதிர்பாக்குறத ஒரு இடத்துல கூட அந்த அம்மா செய்யல. வழில வாந்தி எடுக்குது, திட்டுது, கிண்டல் பண்ணுது, ஏப்ரல பத்தி ஒரே ஒரு நல்ல ஞாபகமாவது வருதான்னு யோசிச்சு யோசிச்சு ஒண்ணச் சொல்லுது, பாத்தா அது ஏப்ரல் இல்ல, இளையவ. எனக்குப் படத்துலயே ரொம்ப வலிச்ச இடம் அதுதான், அதே இடத்துல வாய்விட்டுச் சிரிக்கவும் செஞ்சேன்.

நான் இத்தன பேச்சு பேசுறதே ஒரு விஷயத்துக்காகத்தான். நோய் வந்துட்டா ஆள் மாறாது. முன்கோவம் உள்ள அம்மா கேன்சர் வந்த முன்கோவம் உள்ள அம்மாவாத்தான் இருப்பாங்க, பல சமயம் கூடக் கொஞ்சம் ஜாஸ்தி. அதுக்கு உடம்புக்குள்ளயே காரணம் இருக்கு, இத வீட்டு ஆட்களுக்கு யாரும் உக்காந்து சொல்றதில்ல. கீமோ அன்னைக்கும் அதுக்கு அடுத்து ஒண்ணு ரெண்டு நாளும் வாந்தி வராம இருக்க, அலர்ஜி ஆகாம இருக்க டெக்ஸாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு குடுப்பாங்க, அதுல ராத்திரி பொட்டுத் தூக்கம் வராது, சும்மா சும்மா எரிச்சல் வரும், நிறுத்தினதும் சிலருக்கு ஆளே துவண்டு போகும். மாதவிடாய் நிக்காத வயசுல இருக்குறவங்களுக்கு கீமோவுலயே சட்டுனு நின்னு போகலாம், அப்புறம் உடம்பெல்லாம் தீப்பிடிச்ச மாதிரி சூடு, அழுகை, கோவம். மறதி வேற. இதெல்லாம் சேர்ந்து வரும்போது அவங்க வாயில இருந்து வர்றத எல்லாம் மனசுல இருந்து வர்றதுன்னு எடுத்துக்கிட்டா அந்த வீடு தாங்காது.

ஒரு வீட்டுல நடந்தத சொல்லுதேன். முக்கூடல் பக்கம், அந்தம்மா பீடி சுத்துனவங்க, சொளவ மடில வச்சு உக்காந்து உக்காந்தே ரெண்டு பொண்ணையும் படிக்க வச்சவங்க. மூத்தவ வேற ஆளுகள்ல ஒரு பையனக் கட்டிக்கிட்டு கோயம்புத்தூர் போயிட்டா, பேச்சுவார்த்தை கிடையாது. நோய்னு கேள்விப்பட்டு ஒரு நாள் வந்தா, சும்மா வரல, அம்மாவுக்குப் பிடிக்கும்னு உளுந்தஞ்சோறும் எள்ளுத் தொவையலும் பண்ணி தூக்குவாளில கொண்டு வந்தா. அம்மா ஒரு வாய் வச்சாங்க. "என்னட்டி இது, ஆணிய நக்குன மாதிரி இருக்கு"ன்னு தட்டத் தள்ளிட்டாங்க. அவ்வளவுதான், அந்தப் பொண்ணு தூக்குவாளிய கழுவக்கூட இல்ல, சாயங்காலம் பஸ் ஏறிட்டா.

ஆனா அந்தம்மா சொன்னது அச்சு அசல் மருத்துவ உண்மை. கீமோ எடுக்கும்போது நெறய பேருக்கு வாயில இரும்பு ருசி வரும், பிடிச்ச சாப்பாடே பிடிக்காமப் போகும், வாசனையே கொமட்டும். எவர்சில்வர் ஸ்பூனுக்குப் பதிலா மரக்கரண்டியோ பிளாஸ்டிக் ஸ்பூனோ குடுத்துப் பாக்கலாம், வாய்ப்புண் இல்லன்னா கொஞ்சம் புளிப்பு சேக்கலாம், சூடா ஆவி பறக்கக் குடுக்காம ஆறவச்சுக் குடுத்தா வாசனை கம்மியா இருக்கும். இத நான் போன்ல அந்தப் பொண்ணுட்ட சொன்னப்ப ரொம்ப நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "நான் கல்யாணம் பண்ணதுக்குத்தான் தட்டத் தள்ளுனாவன்னு நெனச்சேன் மேடம்"னு சொன்னா. அடுத்த தடவ எலுமிச்சம்பழச் சோறும் உப்பு நார்த்தங்காயும் கொண்டு வந்தா. அம்மா சாப்பிட்டாங்க, "இது பரவால்ல"ன்னாங்க, கையோட மருமகன திட்ட ஆரம்பிச்சுட்டாங்க. அது கீமோ இல்ல, அது நெசமாவே அவங்க மனசுல இருந்து வந்தது. சரி, வரட்டும். சோறு உள்ள போச்சுல்ல.

இதே அம்மாதான் முடி கொட்டினப்ப, "திருச்செந்தூருக்கு மொட்ட போடுதேன்னு நேர்ந்திருந்தேன், முருகன் டிக்கெட் செலவு இல்லாம வீட்டுக்கே வந்து எடுத்துக்கிட்டான்"னு சொன்னவங்க. சுத்தி இருந்த சொந்தக்காரங்க எல்லாம் "அப்படில்லாம் பேசப்பிடாது"ன்னு வாயப் பொத்தினாங்க. தயவுசெஞ்சு பொத்தாதீங்க. அவங்க விளையாட்டா பேசுறதுக்குள்ளதான் சாவப் பத்தி பேசிக்கிட்டு இருக்காங்க, நேரா பேச அந்த வீட்டுல ஒருத்தரும் விட மாட்டாங்கன்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும். படத்துல அந்த அப்பா பண்றதும் இதேதான், எல்லாம் நல்லா நடக்கும் நல்லா நடக்கும்னு சொல்லிக்கிட்டே வண்டி ஓட்டுறாரு, பாவம் நல்ல மனுசன், ஆனா அவரு அப்படி சொல்லச் சொல்ல அந்தம்மாவுக்குப் பேச ஆள் இல்லாமப் போகுது. ஒண்ணு மட்டும், ஜோக்க நோயாளிதான் ஆரம்பிக்கணும், பாக்க வந்த சித்தப்பா ஆரம்பிக்கப்பிடாது.

அப்புறம் அந்த இளையவ, பெத். படம் பாத்தவங்க பாதிப்பேரு அவள வில்லி மாதிரி பேசுறாங்க, எனக்கு அப்படித் தோணல. கூடவே இருந்து பாக்குறவ அவதான், அங்க போக வேண்டாம் நானே சமைக்கேன்னு சொல்லுறவளும் அவதான், ஆனா அன்னைக்குக் கார் போறது ஓடிப்போனவ வீட்டுக்கு. எங்க ஊரு பெரிய அரசு ஆஸ்பத்திரி இருக்குற ஹைகிரவுண்ட் பக்கம் மெடிக்கல் கடைல மாத்திரைச் சீட்டோட வரிசைல நிக்குற பொண்ணுகளப் பாருங்க, முக்காவாசி இந்த பெத்துகதான். வேலைக்கு லீவு போட்டு, புள்ளைய மாமியார்ட்ட விட்டுட்டு, காப்பீட்டு அட்டைய தூக்கிக்கிட்டு ஜன்னல் ஜன்னலா ஓடுறது இவங்க, அம்மா வாய்ல வர்ற பேரு மட்டும் மூத்தவ பேரு, திட்டுறதா இருந்தாலும் அவ பேருதான். முக்கூடல் வீட்டுலயும் அதான் நடந்துச்சு, அக்கா எலுமிச்சம்பழச் சோத்தோட வந்துட்டுப் போன மறுநாள் தங்கச்சி என்கிட்ட வந்து, "ஆறு மாசமா கஞ்சி வச்சுக் குடுக்கேன் மேடம், ஒரு நாளு பரவால்லன்னு சொன்னதில்ல"ன்னா. நியாயம்தானே? அம்மாவயும் பெரியவளயும் சேத்து வைக்கணும்னு ஓடுற மாமாமாரு, அத்தைமாரு எல்லாம் மொதல்ல இந்தச் சின்னவ ராத்திரி தூங்குதாளான்னு கேளுங்க, வாரத்துல ஒரு நாள் ஆஸ்பத்திரில மாத்தி ஒக்காந்துக்கிட்டு அவள வீட்டுக்கு அனுப்புங்க.

இனி சொல்றது பேசாம இருக்குற மகள்களுக்கு, பாசத்த விடுங்க, உங்க உடம்புக்காகச் சொல்லுதேன். இந்தியாவுல பொம்பளைங்களுக்கு வர்ற கேன்சர்ல முதல் எடம் மார்பகப் புற்றுநோய்தான், 2022ல மட்டும் சுமார் 1,92,000 பேருக்குப் புதுசா வந்ததா மதிப்பிட்டிருக்காங்க. இதுல பரம்பரையா ஜீன் வழியா வர்றது 5ல இருந்து 10 சதவீதம்தான், அதனால அம்மாவுக்கு வந்தா மகளுக்கு வந்தே தீரும்னு இல்ல. ஆனா அம்மாவுக்கு வந்திருந்தா மத்தவங்கள விட வாய்ப்பு ஏறக்குறைய ரெண்டு மடங்கு. அம்மாவுக்கு எந்த வயசுல கண்டுபுடிச்சாங்க, ஒரு பக்கமா ரெண்டு பக்கமா, சித்தி ஆச்சி யாருக்காவது மார்பகத்துலயோ சினைப்பையிலயோ இருந்துச்சா, இந்த மூணு கேள்வியத்தான் டாக்டர் மொதல்ல கேப்பாங்க. அம்மாவுக்கு 45ல வந்திருந்தா நீங்க 35லயே டாக்டரப் பாத்து பரிசோதனைய பத்திப் பேச ஆரம்பிக்கணும், பொதுவா பத்து வருஷம் முன்னாடின்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க. 30 வயசு தாண்டினா உங்க ஊரு ஆரம்ப சுகாதார நிலையத்துலயே மார்பகத்தப் பாத்துச் சொல்லுவாங்க. அம்மாட்ட பேச முடியலன்னா தம்பிட்ட அந்த பயாப்ஸி ரிப்போர்ட்ட, அதாவது கட்டில இருந்து துளி சதை எடுத்துச் சோதிச்ச ரிப்போர்ட்ட, வாட்ஸப்புல போடச் சொல்லுங்க, அதுக்கு மன்னிப்புக் கேக்கத் தேவையில்ல.

எல்லா மகளும் வந்தே ஆகணும்னும் நான் சொல்ல மாட்டேன். அடி வாங்கி வளந்தவங்க இருக்காங்க, வீட்டுக்குள்ள நடந்தத அம்மாட்ட சொல்லியும் "வெளிய சொல்லாத"ன்னு அமுக்கப்பட்டவங்க இருக்காங்க. அவங்கள "பெத்தவட்ட என்னட்டி ரோசம்"னு இழுத்துட்டு வர்றது சேத்து வைக்கிறது இல்ல, பழைய காயத்த குத்திக் கெளறுறது. வந்தா எவ்வளவு நேரம், யாரு கூட இருக்கணும், எப்ப கெளம்பணும்னு அவங்களே முடிவு பண்ணட்டும். அரை மணி நேரம் வந்துட்டுப் போறதும் வந்ததுதான். பணம் மட்டும் அனுப்புறதும் தப்பில்ல.

படத்தோட முடிவு தெரிய வேண்டாம்னா இந்த பாராவ தாண்டிருங்க. வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டு அந்த ஏரியாவையும் அவ காதலன் மொகத்துல இருக்குற ரத்தத்தையும் பாத்துப் பயந்து கார திருப்பிட்டுப் போயிருவாங்க. ஹோட்டல் பாத்ரூம்ல ஏதோ ஒரு அம்மா தன் சின்னப் பொண்ணப் போட்டுத் திட்டுறத ஜாய் பாக்குது, அந்தப் புள்ளையோட மொகத்தப் பாக்குது. அப்புறம் மகன கூட்டிக்கிட்டு முன்னப்பின்ன தெரியாத பைக் ஓட்டுறவங்க வண்டில ஏறி மக வீட்டுக்கு வந்துருது. உக்காந்து பேசித் தீக்குற சீன் கிடையாது, என்னை மன்னிச்சிரும்மா கிடையாது, தம்பி எடுக்குற போட்டோக்கள்ல எல்லாரும் ஒரே மேசைல சாப்பிடுறது மட்டும்தான். எங்க வேலைல நாங்க பாக்குறதும் அனேகமா இவ்வளவுதான். பேசித் தீத்தே ஆகணும்னு ரெண்டு பேரையும் ரூமுக்குள்ள விட்டுக் கதவச் சாத்துறாங்க பாருங்க, அது பெரும்பாலும் சண்டைலதான் முடியும். கால் அமுக்கி விடட்டும், ஸ்கேனுக்குக் கூடப் போகட்டும், தலைக்குத் துணி கட்டி விடட்டும், கைக்கு ஒரு வேலை இருந்தா வாய் கொஞ்சம் சும்மா இருக்கும்.

ரொம்ப முடியலன்னா, நோயாளியோ கூட இருக்குறவங்களோ, 14416க்கு போன் பண்ணலாம், டெலி மானஸ்னு 2022 அக்டோபர்ல ஆரம்பிச்ச அரசாங்க மனநல லைன், காசு கிடையாது, தமிழ்ல பேசுவாங்க, ராத்திரிலயும் எடுப்பாங்க. படுத்த படுக்கையா இருக்குறவங்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்'ங்கிற தமிழ்நாடு அரசுத் திட்டம் மூலமா வீட்டுக்கே வந்து பாக்குற ஏற்பாடு இருக்கு, உங்க ஏரியா செவிலியர்ட்ட கேளுங்க.

படத்த கீமோ போயிட்டு இருக்குற அம்மாவோட ஒக்காந்து பாக்கணும்னு ஆசப்பட்டா மொதல்ல நீங்க தனியா ஒரு தடவ பாத்துருங்க. வாந்தி எடுக்குற சீன் எல்லாம் நல்லா பச்சையாவே இருக்கு, கீமோ போட்ட வாரத்துல வேண்டவே வேண்டாம், அடுத்த கீமோவுக்கு முன்னாடி கொஞ்சம் தெம்பா இருப்பாங்கல்ல, அப்ப போடுங்க. பாதில "நிறுத்துட்டி"ன்னு சொன்னா ஏன்னு கேக்காம நிறுத்திருங்க.