சீலிங் பேந்து விழுந்தால் உடனே பூசாதீர்கள்

கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழி பிறந்ததும் எனக்கு போன் அதிகமாக வரும். காசிமேடு, புதுவண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று எங்கிருந்து வந்தாலும் பேச்சு ஒன்றுதான். "சார், சீலிங் பேந்துகினு வருது, கம்பி தெரியுது. பொங்கலுக்குள்ள பூசி பெயின்ட் அடிச்சிடலாமா?"

பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். பூசலாம் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் பூச்சு கடைசி வேலை. வடசென்னையில் பெரும்பாலும் அதையே முதல் வேலையாகவும் ஒரே வேலையாகவும் செய்துவிடுகிறோம். அடுத்த வருஷம் அதே சீலிங், பூசிய இடத்துக்குப் பக்கத்தில் பேரும். மேஸ்திரி சரியில்லை என்று திட்டிவிட்டு வேறு மேஸ்திரியைக் கூப்பிடுவார்கள். அவரும் அதையேதான் செய்வார்.

நம் பக்கத்து வீடுகளுக்கு எதிரி தண்ணீர் மட்டும் இல்லை, உப்பு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்தைக் கட்டிய பிறகு தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்துகொண்டே போனது, வடக்கே நம் கரை அரித்துக்கொண்டே போனது. அதனால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பல இடங்களில் அலைக்கும் வீட்டுக்கும் நடுவில் அகலமான மணல்வெளியே கிடையாது. கல் கொட்டிய தடுப்பு, அதையடுத்து சாலை, அதையடுத்து வீடு. கல்லில் மோதி எழும் சாரலைக் காற்று நேராகச் சுவரில் கொண்டுவந்து அப்புகிறது. உப்பு வரும் இன்னொரு வழி போர்த் தண்ணீர். மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியிருப்பது 1960களின் கடைசியிலேயே ஆய்வில் தெரிந்துவிட்டது. கரையோரத் தெருக்களில் போர் போட்டவர்களுக்கு ஆய்வு தேவையில்லை, வாயில் ஊற்றினாலே தெரியும். அந்தத் தண்ணீரில்தான் கான்கிரீட் குழைத்திருப்பார்கள், செங்கல்லை நனைத்திருப்பார்கள்.

நல்ல கான்கிரீட் காரத்தன்மை கொண்டது, பி.எச். அளவு 12க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் உண்டாகி, துருப்பிடிக்காமல் காக்கும். உப்பிலுள்ள குளோரைடு போதிய அளவில் கம்பி வரை இறங்கிவிட்டால் படலம் உடையும், துரு தொடங்கும். இரும்பு துருவாகும்போது இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். மூடி போட்ட டப்பாவில் ஊறப்போட்ட கொண்டைக்கடலை போல உள்ளிருந்தே தள்ளும். கீழே விழுவது அந்தத் தள்ளலில் உடைந்த கான்கிரீட். கட்டில்மேல் துண்டு விழும் நாளில், துரு உள்ளே பல வருஷ வேலையை முடித்திருக்கும்.

இங்கே மொட்டை மாடியில் வாட்டர் ப்ரூஃபிங் அடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று விற்பவர்கள் உண்டு. பாதி உண்மை. துரு வளர ஈரம் வேண்டும், ஆகவே ஒழுகலை நிறுத்தினால் வேகம் குறையும். உள்ளே ஏறிவிட்ட உப்பு அங்கேயேதான் இருக்கும்.

சும்மா பூசினால் பக்கத்து இடம் ஏன் பேருகிறது என்பதற்கும் காரணம் உண்டு. பேந்த இடத்துக் கம்பி, தான் துருவேறி, தன் பக்கத்துக் கம்பியைக் கொஞ்சம் காப்பாற்றிக்கொண்டிருந்தது. ஒரு பேட்டரிக்குள் நடக்கும் வேலைதான் அது: ஒரு முனை கரையும், மறுமுனை பிழைக்கும். கரைந்த முனையைச் சுத்தமான புதுக் கலவையால் மூடியதும், உப்பேறிய பழைய கான்கிரீட்டுக்குள் இருக்கும் பக்கத்துக் கம்பி கரையத் தொடங்குகிறது. பழைய பூச்சைச் சுற்றி வட்டமாகப் பேந்திருக்கும் சீலிங்கைப் பார்த்தால் இதுதான் நடந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

தண்டையார்பேட்டையில் ஒரு மாடி வீடு. அடுப்படி சீலிங்கில் ஒரு தட்டு அளவுக்குத்தான் பேந்திருந்தது. அந்த வீட்டம்மா, "இத்தினியூண்டு தான் சார், இதுக்குப் போயி இன்ஜினியரா?" என்று சிரித்தார். ஸ்டூல் போட்டு ஏறி, சின்ன சுத்தியலால் சீலிங் முழுவதும் தட்டிக்கொண்டே வந்தோம். திடமான கான்கிரீட் கணீரென்று கேட்கும், உள்ளே பிரிந்திருந்தால் பொத்தென்று கேட்கும். பொத்தென்ற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வளைத்துக்கொண்டே போனதில் கோடு அடுப்படியில் பாதியைத் தாண்டி ஹால் பீம் வரை போய்விட்டது. சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு தெரிந்த கம்பியைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு வெர்னியரில் அளந்தோம். 8 மி.மீ. போட்ட கம்பி, 6 மி.மீ. இருந்தது. "கால் பங்குதானே சார் போயிருக்கு?" என்றார் மேஸ்திரி. விட்டத்தில் கால் பங்கு. ஆனால் கம்பி சுமையைத் தாங்குவது அதன் குறுக்குப் பரப்பால். 8இன் வர்க்கம் 64, 6இன் வர்க்கம் 36. 64க்கு 36 என்று கணக்குப் போட்டால், போனது 44 சதவீதம்.

அந்தச் சுத்தியல் சோதனையை யாரும் செய்யலாம். தட்டும் இடத்துக்கு நேர் கீழே நிற்காமல், கண்ணாடி போட்டுக்கொண்டு, நீளமான கம்பால் தட்டினாலும் போதும். பாத்ரூமுக்குக் கீழே உள்ள சீலிங், சன்ஷேடு, லாஃப்ட், பால்கனி, கடலைப் பார்த்த கிழக்குப் பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், இவற்றை முதலில் பாருங்கள். பூச்சில் சிலந்தி வலை மாதிரி ஓடும் மெல்லிய விரிசல் பெரும்பாலும் பூச்சோடு போய்விடும். கம்பி ஓடும் திசையிலேயே நேர்கோடாகப் போகும் விரிசலும், அதில் கசியும் பழுப்புக் கறையும்தான் கவலைக்குரியவை. தூண் மூலையில் மேலும் கீழுமாக விரிசல் ஓடினால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். சீலிங் விழுந்தால் ஒரு அறையோடு போகும், தூண் அப்படி இல்லை.

2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட ஒரு அடுக்குமாடி பிளாக் இடிந்து தரைமட்டமானது. காரணம் பற்றி இங்கே தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. விரிசலைக் கவனித்து மக்கள் முன்னாடியே வெளியே வந்துவிட்டதால் ஒரு உயிர்கூடப் போகவில்லை. விரிசல் ஒரே நாளில் அகலமாகிறது, கதவு திடீரென்று இறுகுகிறது, உள்ளே சடசடவென்று சத்தம் கேட்கிறது என்றால் பீரோவைத் திறந்து பத்திரம் தேடிக்கொண்டிருக்காதீர்கள், இறங்கிவிடுங்கள்.

சரியான பழுதுபார்ப்பு இப்படித்தான் போக வேண்டும். முதலில் முட்டு. முட்டுக் கொடுக்காமல் பீமையோ தூணையோ கொத்த விடவே கூடாது. பிறகு பொத்தென்ற கான்கிரீட்டை முழுவதும் கொத்தி எடுக்க வேண்டும், கம்பியின் முன்பக்கம் மட்டும் போதாது. கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்கு. துரு எங்கே முடிகிறதோ அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வரை திறக்க வேண்டும். சாக்பீஸ் கோட்டைத் தாண்டினால் கூலி கூடுமே என்று மேஸ்திரி இங்கேதான் தயங்குவார். நீங்கள்தான் நின்று பார்க்க வேண்டும். கம்பியை வெள்ளையாக வரும்வரை தேய்த்து, ரொம்பக் கரைந்திருந்தால் பக்கத்திலேயே புதுக் கம்பி சேர்த்து, துத்தநாகம் கலந்த ப்ரைமர் அடித்து, பழையதும் புதியதும் ஒட்டுவதற்கான பாண்டிங் கோட் பூசி, பாலிமர் கலந்த ரிப்பேர் மார்ட்டரை அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும். கடைசியில் க்யூரிங், அதாவது சில நாள் ஈரமாகவே வைத்திருப்பது, நல்ல தண்ணீரில். சாதாரண சிமென்ட் மணல் கலவை, மேலே பட்டி, அதற்கு மேல் பெயின்ட் என்பதெல்லாம் கல்யாண வீட்டுக்கு ஆகும்.

செலவு பெரிதென்றால் பரிசோதனை செய்துகொண்டு இறங்குங்கள். ஃபீனால்ஃப்தலீன் என்ற ரசாயனத்தைத் தெளித்து, கான்கிரீட் பிங்க் நிறமானால் நல்லது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அது காரத்தன்மை இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். பிங்காக இருக்கும் கான்கிரீட்டுக்குள்ளும் உப்பு இருக்கலாம். கடலோர வீட்டுக்குக் குளோரைடு அளவைக் கேட்டு வாங்குங்கள்.

புதிதாகக் கட்டுபவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால், கவர் என்பேன். கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் நடுவில் உள்ள கான்கிரீட்டின் கனம் அது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 கடலோரச் சூழலைக் 'கடுமையானது' என்று வகைப்படுத்தி, குறைந்தது எம்30 கான்கிரீட் (எண் கூடினால் வலிமை கூடும்), 45 மி.மீ. கவர், சிமென்ட் எடையில் 0.45க்கு மேல் போகாத தண்ணீர் என்று கேட்கிறது. அதாவது 50 கிலோ மூட்டைக்கு 22.5 லிட்டர், மணலில் உள்ள ஈரமும் சேர்த்து. நம் பக்கம் எம்20 ஊற்றி, கவர் பிளாக்குக்குப் பதில் உடைந்த டைல்ஸ் துண்டை வைத்து, கலவை இளகட்டும் என்று பக்கெட் பக்கெட்டாக ஊற்றுகிறார்கள். கான்கிரீட் போடும் அன்று காலையில் டேப்போடு போய், சென்ட்ரிங் பலகைக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியை நீங்களே அளந்து பாருங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. லாரித் தண்ணீரானாலும் போரானாலும் ஒரு பாட்டில் பிடித்து லேபில் கொடுத்துப் பாருங்கள். குழைக்க நல்ல தண்ணீர் வாங்கிவிட்டு, "க்யூரிங்தானே" என்று போரைத் திறந்துவிடுவதும் நடக்கிறது. பி.பி.சி. (சாம்பல் கலந்த சிமென்ட்) அல்லது ஸ்லாக் (இரும்பு உலைக் கசடு கலந்த) சிமென்ட் உப்பை எதிர்க்க நல்லது. ஆனால் அதற்கு க்யூரிங் கூடுதலாக வேண்டும், நான் 14 நாள் கேட்பேன்.

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டையில் இன்னும் தேக்கு உத்திரமும் சுண்ணாம்புச் சுவருமாக நிற்கும் மெட்ராஸ் டெரஸ் வீடுகள் தனி ரகம். அந்தச் சுவர்களுக்கு சிமென்ட் பூசாதீர்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் அடைத்துவிடும். உள்ளே சிக்கிய உப்பு செங்கல்லையே உதிர வைக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் எர்ணாவூர், எண்ணூர் வீடுகளுக்குள் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். எண்ணெய் ஊறிய சுவர் மேல் எந்தப் பூச்சும் பெயின்ட்டும் பிடிக்காது. கறை தெரியும் உயரத்துக்கும் மேலே ஒரு அடி விட்டு, செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்துவிட்டுத்தான் பூச வேண்டும். தண்ணீர் ஏறிய வீட்டில் எலக்ட்ரீஷியன் பார்க்காமல் மெயினைப் போடாதீர்கள். உப்பு மண்ணில் எர்த் பைப்பும் துருவேறும். போர்டில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரன்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள், ட்ரிப் ஆக வேண்டும். ஆர்.சி.சி.பி.யே இல்லாவிட்டால் 30 மில்லிஆம்பியர் ஒன்று வாங்கி மாட்டுங்கள், டிவி மாற்றுவதற்கு முன்.

ஃப்ளாட்காரர்களுக்கு: கீழே கார் நிறுத்தும் இடத்தைத் தினமும் போர்த் தண்ணீர் அடித்துக் கழுவும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள். தூண்களின் அடிப்பாகம் நனைந்து காய்ந்து நனைந்து உப்பைக் குடிக்கிறது. தூண் பழுதைத் தனி வீட்டுக்காரர் சரிசெய்ய முடியாது, சங்கமாகத்தான் செய்ய வேண்டும். ஒரேயடியாக இடித்துக் கட்டுவது என்றால், தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022 மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதத்தைக் கேட்கிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்தால் அதற்கான அனுமதியும் தனியாக வேண்டும். இடிப்பதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

வாடகைக்கு இருப்பவர்கள் கான்கிரீட்டைத் தொட முடியாது. பேந்த இடத்தைத் தேதியோடு போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், கட்டிலை அந்த இடத்திலிருந்து நகர்த்துங்கள். ஃபேன் கொக்கியையும் பாருங்கள். கொக்கியை மூடியிருக்கும் அந்தப் பிளாஸ்டிக் கப்பைக் கீழே இறக்கினால், உள்ளே கொக்கி துருவேறி இளைத்திருக்கிறதா என்று டார்ச் அடித்தே தெரிந்துகொள்ளலாம். இளைத்திருந்தால் ஃபேனை இறக்கி வைத்துவிட்டு, கொக்கியை மாற்றும்வரை டேபிள் ஃபேனில் ஓட்டுங்கள். குழந்தைக்குத் தூளி கட்டும் கொக்கிக்கும் இதேதான்.