கடைவாய்ப் பல்லைப் பிடுங்கச் சொன்னால்: பெற்றோர் முதலில் பார்க்க வேண்டியது

அங்கன்வாடிக்கும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் வேனில் ஒரு மருத்துவக் குழு வருமே, அது 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்கிற மத்திய அரசின் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டம். 18 வயது வரை. சொத்தைப் பல்லும் அதன் பட்டியலில் உண்டு. குழு எழுதி அனுப்பினால் மேல்சிகிச்சை இலவசம். சரி, இனி நடைமுறைக்கு வருவோம்.

அந்தக் குழுவில் டாக்டர், நர்ஸ், பார்மசிஸ்ட் உண்டு. பல் டாக்டர் கிடையாது. பள்ளிக்கு வருவதும் வருடம் ஒரு தடவைதான். 'நார்மல்' என்று எழுதிவிட்டார்களே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். மேல்சிகிச்சைக்குச் சீட்டு எழுதினாலும் அது ஸ்கூல் பீரோவிலேயே தூங்கலாம். வேன் வந்துபோன வாரமே டீச்சரிடம் கேட்டு வாங்குங்கள்.

தனியார் பள்ளிக்கு இந்த வேன் வராது. அதற்காக விட்டுவிட வேண்டாம். அரசு மருத்துவமனைப் பல் பிரிவின் ஓ.பி.க்கு எந்தப் பிள்ளையையும் நேராக அழைத்துப் போகலாம். 'ஸ்கூல் சீட்டு இல்லையா?' என்று திருப்பி அனுப்பினால் அரசு மருத்துவ உதவி எண் 104-க்குப் போன் போடுங்கள்.

இதைவிடப் பெரிய மோசம், 'பால் பல்தானே, விழுந்து முளைக்கும்' என்கிற பேச்சு. ஆறு வயதுவாக்கில் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைத்துவிடுகிறது. வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. முன்பல் நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணுங்கள். ஆறாவதாக நிற்பது அதுதான். போனால் வேறு முளைக்காது.

ஓ.பி. சீட்டில் எழுதியிருக்கும் பல் எண்ணையும் பாருங்கள். 16, 26, 36, 46 என்று இருந்தால் இந்த நிரந்தரப் பல். 55, 65, 75, 85 என்றால் பால் பல். 36 என்று எழுதிவிட்டு வாயால் 'பால் பல்' என்று சொன்னால் அங்கேயே நின்று கேளுங்கள்.

அப்புறம் அலைச்சல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார்கள். அங்கே பல் பார்க்கிற சேர் ரிப்பேர், இல்லை அடைக்கிற மருந்து ஸ்டாக் இல்லை, 'பிடுங்கிடலாமா?' என்பார்கள். மருந்து வாங்கி வைக்காததற்குப் பிள்ளை ஏன் பல்லை இழக்க வேண்டும்? தற்காலிகமாகவாவது அடைக்கச் சொல்லுங்கள். பல் எண்ணோடு மேல்சிகிச்சைக்கு எழுதி வாங்குங்கள். வாயால் 'பெரியாஸ்பத்திரிக்குப் போங்க' என்றால் அங்கே போய் முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டியதுதான். சென்னை, புதுக்கோட்டை, சிதம்பரம் பக்கம் இருப்பவர்கள் அங்குள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கே போய்க் குழந்தைகள் பல் பிரிவைக் கேளுங்கள்.

சில பிள்ளைகளுக்கு இந்த நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கும்போதே மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருந்து, மேல்பகுதி துண்டு துண்டாக உதிரும். தண்ணீர் பட்டாலே கூசும். பல்லின் மேல் உறையான எனாமல் சரியாக உருவாகாததுதான் காரணம். 'பல் தேய்க்க விடலையா?' என்று அம்மாவைத் திட்டுவதில் அர்த்தமே இல்லை. இந்தப் பல் மரத்துப்போவதும் கடினம். ஊசி போட்டும் வலிக்கிறது என்று பிள்ளை அழுதால் அதை நம்பச் சொல்லுங்கள்.

பிடுங்கவே கூடாது என்று சொல்லவில்லை. காப்பாற்ற முடியாத பல்லை 8 முதல் 10 வயதுக்குள், சரியான நேரம் பார்த்து எடுத்தால், பின்னால் வரும் பல் நகர்ந்து அந்த இடத்துக்கு வர வாய்ப்பு உண்டு. அந்த நேரத்தை எக்ஸ்ரேதான் சொல்லும். எக்ஸ்ரே எடுக்காமல் நிரந்தரப் பல்லைப் பிடுங்கக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

கன்னம் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் மட்டும் சீட்டு, வரிசை எதற்கும் காத்திராமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.